எட்டு ஓட்டு, மூன்று ஓட்டு

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டுக் கடன், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், சிலிண்டர் புக்கிங் எல்லாவற்றையும் பத்து நிமிஷம் ஓரமாக வையுங்கள். இப்போது நீங்கள் மதுரைக்காரர். இடுப்பில் கதர் வேட்டி, தலையில் காந்தி குல்லாய். 1939-ம் வருஷம், ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை. காங்கிரஸ் மகாசபையின் பிரதிநிதிகளில் நீங்களும் ஒருவர். அகில இந்திய காங்கிரசின் அடுத்த தலைவர் யார் என்று இன்றைக்கு ஓட்டுப் போட வேண்டும்.

இந்தப் பக்கம் சுபாஷ் சந்திர போஸ். போன வாரம்தான் 42 வயது முடிந்தது. ஏற்கெனவே ஒரு வருஷம் தலைவராக இருந்துவிட்டார். இன்னொரு வருஷமும் வேண்டும் என்கிறார். அந்தப் பக்கம் டாக்டர் பட்டாபி சீதாராமய்யா. 58 வயது, மசூலிப்பட்டினம். 1923-ல் ஆந்திரா பாங்க்கை ஆரம்பித்தவர். (2020-ல் யூனியன் பாங்க்கோடு இணைத்துவிட்டார்களே, அதே பாங்க்தான்.) காங்கிரசின் பொன்விழாவை ஒட்டி அதன் சரித்திரத்தையே புத்தகமாக எழுதியவர். நல்ல மனுஷர். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் தெருவில் யாரும் விசில் அடிக்க மாட்டார்கள்.

காந்திஜி மேடை ஏறி எதுவும் சொல்லவில்லை. ஆனால் வல்லபாய் படேல், ராஜேந்திர பிரசாத், கிருபளானி உட்பட காரியக் கமிட்டியின் ஏழு பெரிய தலைகள் ஐந்து நாள் முன்பு கூட்டாக அறிக்கை விட்டிருக்கிறார்கள். போஸ் ஒதுங்கிக்கொள்ளட்டும், பட்டாபியை ஏகமனதாகத் தேர்ந்தெடுப்போம் என்று. காந்தியைக் கேட்காமலா இவர்கள் அறிக்கை விடுவார்கள்? உங்கள் மாகாணத்தின் பிரதம மந்திரி ராஜாஜியும் (அப்போது முதல்வருக்கு அதுதான் பட்டம்) அந்தப் பக்கம்தான்.

யாருக்குப் போடுவீர்கள்? அவசரமில்லை. யோசித்துக்கொண்டே இருங்கள். அதற்குள் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம்.

நான்கு வருஷத்துக்கு ஒரு முறை அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் நடக்கிறது. அதற்கு முன்னால் ஆறு மாதம் இன்னொரு கூத்து நடக்கும். பிரைமரி. நம்மூரில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை தீர்மானிக்கும். தொண்டர் போஸ்டர் ஒட்டுவார். அங்கே அப்படி இல்லை. தன் கட்சியின் வேட்பாளராக யார் நிற்க வேண்டும் என்பதையே ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் சொல்கிறார்கள். ஒவ்வொரு மாநிலமாக நடக்கும். அந்த ஓட்டுக்கு ஏற்ப மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் போவார்கள். கோடையில் மாநாடு கூட்டி, பிரதிநிதிகளின் கணக்கில் ஜெயித்தவரை அறிவிப்பார்கள். அயோவா மாநிலத்தில் ஜனவரிக் குளிரில் பள்ளிக்கூட ஹாலிலும் சர்ச்சிலும் கூடி உட்கார்ந்து, வாதாடி, பிறகு ஓட்டுப் போடுகிற பழக்கம்கூட உண்டு.

இதில் நமக்கும் கொஞ்சம் சொந்த ஆர்வம் சேர்ந்துகொண்டது. 2024 ஜனவரியில் அயோவாவில் ரிபப்ளிகன் கட்சியின் போட்டியில் நான்காவதாக வந்து, அன்று ராத்திரியே விலகிக்கொண்ட விவேக் ராமசாமியின் பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம். வீட்டில் பேசியது தமிழ். கமலா ஹாரிஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. 2020 தேர்தலுக்கான பிரைமரியில், முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே, 2019 டிசம்பரில் விலகினார். 2024-ல் பைடன் ஜூலை மாதம் ஒதுங்கிக்கொள்ள, ஒரு பிரைமரியிலும் ஜெயிக்காமலே ஜனாதிபதி வேட்பாளர் ஆனார். மன்னார்குடி பக்கத்தில் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். நவம்பரில் தோற்றுப்போனார் என்பது வேறு கதை.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'ஆஹா, என்ன ஜனநாயகம், நம்ம ஊரில் இப்படி உண்டா?' என்று கேட்பவர்கள் அதிகம். உண்டு சார். உங்கள் கையில் இப்போது இருக்கும் ஓட்டே அதுதான்.

அன்றைய காங்கிரசின் அமைப்பைப் பாருங்கள். வருஷத்துக்கு நாலணா சந்தா கட்டினால் ஆரம்ப உறுப்பினர். இங்கிலீஷில் அதற்குப் பெயரே பிரைமரி மெம்பர்! இவர்கள் ஓட்டுப் போட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பிரதிநிதிகள் அவரவர் மாகாணத்தில் ஒரே நாளில் ஓட்டுப் போட்டு அகில இந்தியத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மாகாணம் என்றால் வெள்ளைக்காரன் வகுத்த மாகாணம் இல்லை. காங்கிரஸ் தன் வசதிக்கு மொழிவாரியாகப் பிரித்துக்கொண்டது. சென்னை ராஜதானிக்குள்ளேயே தமிழ்நாடு கமிட்டி தனி, ஆந்திரா கமிட்டி தனி, கேரளா தனி, கர்நாடகா தனி.

ஏட்டில் இப்படி. நடைமுறையில், தலைவர் யார் என்பது பெரும்பாலும் மேலே பேசி முடிவாகிவிடும். பிரதிநிதிகள் தலையாட்டுவார்கள். 1938-ல் போஸே அப்படித்தான் வந்தார், காந்தியின் ஆசியோடு. அவர் செய்த 'குற்றம்' ஒன்றுதான்: 1939-க்கும் நிற்கிறேன், கொள்கையை வைத்துப் போட்டி நடக்கட்டும் என்று சொன்னது. 1935 சட்டத்தில் வெள்ளைக்காரன் வைத்திருந்த சமஷ்டித் திட்டத்தை ஒப்புக்கொள்ள, கட்சியின் வலதுசாரிகள் உள்ளுக்குள் தயாராகிவிட்டார்கள் என்பது போஸின் சந்தேகம். படேல் கோஷ்டியின் பதில்: தலைவர் பதவி என்பது ஒரு கௌரவம், கொள்கையைக் கமிட்டி பார்த்துக்கொள்ளும், இதற்கு எதற்குப் போட்டி? முதலில் மௌலானா ஆசாத் பெயர் பேசப்பட்டது. அவர் விலகிவிட்டார். பாரம் பட்டாபியின் தலையில் விழுந்தது.

சரி. மதுரைக்குத் திரும்புவோம். உங்கள் ஓட்டு.

சமஷ்டித் திட்டம், சமஸ்தான மன்னர்களின் பிரதிநிதித்துவம் இதையெல்லாம் வைத்தா ஒரு மதுரை ஜில்லா பிரதிநிதி முடிவெடுத்திருப்பார்? கொஞ்சம் பேர் எடுத்திருக்கலாம். மற்றவர்களுக்குக் கண் முன்னால் வேறு கணக்குகள் இருந்தன.

முதல் கணக்கு ரேகைச் சட்டம். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஏட்டில் பெயர். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களை ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிகள் என்று பதிவு செய்து, கைரேகை எடுத்து, ராத்திரியானால் போலீஸ் கண்காணிப்பில் வந்து படுக்க வைத்த சட்டம். புதுமாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் சரி. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தால் இந்தச் சட்டம் போய்விடும் என்று நம்பித்தான் 1937-ல் இந்தப் பக்கத்து ஜனங்கள் மஞ்சள் பெட்டியில் போட்டார்கள். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ராமநாதபுரம் ராஜாவையே எதிர்த்து நின்று காங்கிரசுக்கு ஜெயித்துக் கொடுத்தார். ராஜாஜி பிரதம மந்திரி ஆனார். ஒரு வருஷம் போனது. ஒன்றரை வருஷம் போனது. சட்டம் அப்படியே இருந்தது. (கடைசியில் அது ஒழிந்தது 1947-ல்.)

இரண்டாவது, கோஷ்டிக் கணக்கு. 1937-ல் ராஜாஜி நிற்பதற்காகத் தன் பல்கலைக்கழகத் தொகுதியை விட்டுக் கொடுத்தவர் தீரர் சத்தியமூர்த்தி. மந்திரிசபை அமைந்தபோது அவருக்கு அதில் இடமில்லை. தமிழ்நாட்டு காங்கிரஸ் இரண்டாகப் பிளந்து நின்றதற்கு இது ஒன்று போதும். விருதுநகர் காமராஜ் சத்தியமூர்த்தியின் சிஷ்யர் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது, இடதுசாரி இளைஞர்கள். பாட்லிவாலா என்ற பம்பாய் சோஷலிஸ்ட் இங்கே வந்து பேசினார். அவர் மீது ராஜத்துரோக வழக்குப் போட்டது யார்? வெள்ளைக்கார கலெக்டரா? இல்லை. 1937-ல் ராஜாஜியின் காங்கிரஸ் சர்க்கார். ஜெயிலுக்குப் போய்வந்த காங்கிரஸ்காரர்களுக்கு இதை எப்படி ஜீரணிக்க முடியும்? மதுரையில் மில்களைச் சுற்றித் தொழிற்சங்கங்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் வேறு.

நான்காவது ஒன்று உண்டு. யாரும் மேடையில் சொல்லமாட்டார்கள். பட்டாபி ஆந்திரக்காரர். தனி ஆந்திர மாகாணம் வேண்டும் என்று பல வருஷங்களாகக் குரல் கொடுத்தவர். பிரிந்தால் சென்னைப் பட்டணம் யாருக்கு? இந்தக் கேள்வி அப்போதே சூடாகத்தான் இருந்தது.

ஓட்டுப் பெட்டியில் யாரும் காரணம் எழுதிப் போடுவதில்லை. எண்ணிக்கைதான் மிஞ்சுகிறது. நான் பி.காம். படித்தவன். கட்டுரை எழுதுகிறவனாக மாறி இத்தனை வருஷமாகியும், ஒரு பட்டியலைப் பார்த்தால் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கிற பழக்கம் போகவில்லை. அந்தப் பட்டியல் இது. மொத்தத்தில் போசுக்கு 1,580 ஓட்டு. பட்டாபிக்கு 1,375-ஐ ஒட்டி. போஸ் ஜெயித்துவிட்டார்!

மாகாண வாரியாகப் பார்த்தால் சுவாரஸ்யம். வங்காளம், போசின் சொந்த வீடு: 404-க்கு 79. குஜராத், காந்தியும் படேலும் பிறந்த மண்: போசுக்கு வெறும் 5, பட்டாபிக்கு 100. ஆந்திரா: போசுக்கு 28, பட்டாபிக்கு 181. ஆக, கொள்கை, லட்சியம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவனவன் தன் ஊர்க்காரனுக்குப் போட்டிருக்கிறான். இதில் அமெரிக்காவும் அப்படித்தான், நாமும் அப்படித்தான். ஆனால் தன் ஊர்க்காரர் யாரும் நிற்காத இடங்கள்தான் முடிவைத் தீர்மானித்தன. கேரளா 80-க்கு 18 போஸ் பக்கம். கர்நாடகா 106-க்கு 41 போஸ் பக்கம். பஞ்சாப், ஐக்கிய மாகாணம் இரண்டும் போஸ்.

தமிழ்நாடு? போசுக்கு 110. பட்டாபிக்கு 102.

எட்டே ஓட்டு. ராஜாஜி கோட்டையில் உட்கார்ந்திருக்கிறார். போலீஸ், லைசென்ஸ், உத்தியோகம் எல்லாம் அவர் கையில். காந்தியின் சம்பந்தி வேறு. அப்படிப்பட்டவரின் சொந்த மாகாணத்தில் அவர் சொன்ன ஆள் எட்டு ஓட்டில் தோற்கிறார். பக்கத்து கேரளாவின் 80-க்கு 18-ஐ விட இந்த எட்டுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அங்கே காற்று ஒரே பக்கம் அடித்தது. இங்கே ஒவ்வொருத்தரும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

நீங்கள் போசுக்குப் போட்டிருந்தால் வாழ்த்துகள். உங்கள் ஆள் ஜெயித்துவிட்டார். ஆனால் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வேலை இன்னும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து காந்தியின் அறிக்கை வந்தது. பட்டாபியை விலக வேண்டாம் என்று சொன்னதில் என் பங்கு உண்டு, ஆகவே இந்தத் தோல்வி அவருடையது என்பதைவிட என்னுடையதுதான் என்ற பொருளில் எழுதியிருந்தார். ஒரே பாராவில் ஆட்டத்தையே மாற்றிவிட்டார் மனுஷர். 29-ம் தேதி போட்டவர்கள் போசா, பட்டாபியா என்று நினைத்துப் போட்டார்கள். 31-ம் தேதி கேள்வி 'போசா, காந்தியா' என்று மாறிவிட்டது. பிப்ரவரி 22-ல் படேல், ராஜேந்திர பிரசாத் உட்பட காரியக் கமிட்டியில் 12 பேர் ராஜினாமா. தலைவர் இருக்கிறார், கமிட்டி இல்லை.

மார்ச்சில் திரிபுரி மாநாடு. ஜபல்பூருக்குப் பக்கத்தில், நர்மதைக் கரையில். 52-வது மாநாடு என்பதால் 52 யானைகள் பூட்டிய ஊர்வலம். தேரில் தலைவர் இல்லை. அவருடைய படம் மட்டும் போனது. போஸ் கடும் ஜுரத்தில், ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரப்பட்டிருந்தார். 'அக்குளில் வெங்காயம் ஏதும் வைத்திருக்கிறாரா பாருங்கள்' என்று கிண்டலடித்த எதிர்க்கோஷ்டிக்காரர்களும் உண்டு. அரசியலில் நாகரிகம் குறைந்துபோனது நம் காலத்தில்தான் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

காந்தி வரவில்லை, ராஜ்கோட்டில் இருந்தார். அவர் வரவும் வேண்டியிருக்கவில்லை. ஐக்கிய மாகாணப் பிரதமர் கோவிந்த வல்லப பந்த் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சுற்றி வளைத்து எழுதியிருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: பழைய கமிட்டி மீது எங்களுக்கு நம்பிக்கை உண்டு, புதிய கமிட்டியைத் தலைவர் காந்தியின் விருப்பப்படியே நியமிக்க வேண்டும். ஆதரித்துப் பேசினார் நம் ராஜாஜி. பக்கத்தில் நர்மதை ஓடுகிறது அல்லவா? அதையே பிடித்துக்கொண்டார். ஆற்றில் இரண்டு படகு. ஒன்று பழசு, ஆனால் பெரிது, ஓட்டுகிறவர் காந்தி. இன்னொன்று புதுசு, வர்ணம் பூசிக் கொடி கட்டியது, ஆனால் ஓட்டை. நர்மதை ஆழம், பார்த்து ஏறுங்கள் என்ற பாணியில். குட்டிக்கதை சொல்வதில் அவரை யார் ஜெயிக்க முடியும்?

இப்போது மறுபடி உங்கள் முறை. ஆறு வாரம் முன்னால் போசுக்குப் போட்டீர்கள். இன்று பந்த் தீர்மானத்துக்குக் கையைத் தூக்குவீர்களா, மாட்டீர்களா?

தீர்மானம் நிறைவேறியது. போசுக்கு ஓட்டுப் போட்டிருந்த காங்கிரஸ் சோஷலிஸ்ட்டுகள், கட்சி உடையக் கூடாது என்று நடுநிலை வகித்தார்கள். 1,580 பேர் தந்த வெற்றி அந்தப் பந்தலிலேயே காலாவதி ஆனது. கமிட்டி அமைக்க முடியாமல், காந்தியோடு கடிதம் மேல் கடிதம் எழுதிச் சலித்து, ஏப்ரல் 29-ல் கல்கத்தாவில் போஸ் ராஜினாமா செய்தார். மூன்று மாதம்.

போசுக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று சொல்வது சுலபம். காந்தி பிடிவாதம் பிடித்தார் என்பதும் சுலபம். அதில் உண்மையும் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த 1,580 பேரை நான் பார்க்கும் விதம் வேறு. அவர்களில் பலர் போட்டது போசுக்கான ஓட்டு இல்லை. ராஜாஜி மீதும் படேல் மீதும் இருந்த கோபத்துக்கான ஓட்டு. 'எங்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்' என்கிற ஓட்டு. அது தப்பில்லை. ஆனால் கோபத்தில் கையெழுத்துப் போட்டு செக் கொடுத்தவர்கள், கணக்கில் பணம் கட்டவில்லை. திரிபுரி கவுன்ட்டரில் அது ரிட்டர்ன் ஆனது. போசும் அதைக் கவனிக்கவில்லை. செக்கைக் கையில் வாங்கியதுமே பணம் வந்துவிட்டதாக வரவு வைத்துவிட்டார்.

அமெரிக்காவில் இதே சினிமா 27 வருஷம் முன்னாலேயே ஓடியிருக்கிறது. 1912. ரிபப்ளிகன் கட்சி. பதவியில் இருக்கும் ஜனாதிபதி டாஃப்ட் ஒரு பக்கம். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மறு பக்கம். பிரைமரி என்ற ஏற்பாடு அப்போதுதான் சில மாநிலங்களில் வந்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோவிலேயே அவரைத் தோற்கடித்தார். ஆனால் சிகாகோ மாநாட்டில் கட்சி இயந்திரம் டாஃப்டின் கையில். பிரைமரி இல்லாத மாநிலங்களின் பிரதிநிதிகளும் அவர் பக்கம். வேட்பாளர் டாஃப்ட் என்று அறிவித்துவிட்டார்கள். ரூஸ்வெல்ட் வெளியே வந்து புதுக்கட்சி ஆரம்பித்தார். நவம்பரில் அவர் இரண்டாவது, டாஃப்ட் மூன்றாவது. நடுவில் புகுந்து ஜெயித்தவர் எதிர்க்கட்சி உட்ரோ வில்சன்.

பிரைமரியில் ஜெயித்தவனுக்குத்தான் பிரதிநிதிகள் என்ற நிலை அங்கே வருவதற்கு இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று. 1968-ல்கூட ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமலே டெமாக்ரடிக் வேட்பாளர் ஆனார். சிகாகோ தெருவில் ரகளை. அதற்கப்புறம்தான் 1972-க்குள் விதிகளைத் திருத்தினார்கள்.

போசும் புதுக்கட்சி ஆரம்பித்தார். 1939 மே 3, ஃபார்வர்ட் பிளாக். முதலில் காங்கிரசுக்குள்ளேயே ஒரு அணியாக. ஆகஸ்டில், மூன்று வருஷத்துக்கு எந்தப் பொறுப்பும் வகிக்கக் கூடாது என்று காங்கிரஸ் அவருக்குத் தடை போட்டது. செப்டம்பர் 3-ம் தேதி சென்னைக் கடற்கரையில் பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒரு மாலைப் பத்திரிகையைக் கையில் கொடுத்தார்கள். பிரிட்டன் யுத்தத்தில் இறங்கிவிட்டது. மூன்று நாள் கழித்து, 6-ம் தேதி, மதுரை. முன்னால் நின்று வரவேற்றவர் முத்துராமலிங்கத் தேவர். திரிபுரிக்குப் பிறகும் போசை விடாதவர். செக்குக்குப் பணம் கட்டின ஆட்களில் ஒருவர். பின்னால் 1949-ல் அவர் ஆரம்பித்த வாரப் பத்திரிகைக்கு வைத்த பெயரே 'நேதாஜி'.

இன்றைக்கும் மதுரை, உசிலம்பட்டி, கமுதி பக்கம் ஒரு டீக்கடையில் நின்று 'போஸ்' என்று கூப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பேராவது திரும்புவார்கள். 2016 இடைத்தேர்தலில் திருப்பரங்குன்றத்தில் ஜெயித்தவர் பெயர் ஏ.கே.போஸ். வங்காளத்து ஜாதிப் பெயர் ஒன்று வைகைக் கரையில் வீட்டுப் பெயராகிப் போனது இப்படித்தான். பட்டாபி என்று யாராவது திரும்பினால் எனக்குச் சொல்லுங்கள். பாவம், அவரும் கடைசியில் 1948-ல் காங்கிரஸ் தலைவர் ஆனார். ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டில் எதிரெதிர் பக்கம் நின்றவர்கள் மற்ற எல்லாவற்றிலும் அப்படியே நிற்கவில்லை. அதே 1939, ஜூலை 8. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனார் வைத்தியநாதய்யர். அவர் ராஜாஜிக்கு வேண்டியவர். அந்த ஆலயப் பிரவேசத்துக்குப் பக்கபலமாக நின்றவர் தேவர். சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது ராஜாஜி சர்க்கார். ஐந்து மாதம் முன்னால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று கோபுர வாசலில் நின்று யாரும் கேட்கவில்லை.

சரி, இன்னொரு ஓட்டுக்குத் தயாராகுங்கள். இந்த முறை மாகாண அளவில்.

1940 பிப்ரவரி. யுத்தத்தை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்துவிட்டன. ராஜாஜி இப்போது பிரதம மந்திரி இல்லை. ஆனால் செல்வாக்குக்குக் குறைவில்லை. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தல். ராஜாஜியின் ஆள் கோயமுத்தூர் சி.பி.சுப்பையா. எதிர்ப்பக்கம் சத்தியமூர்த்தி நிற்பார் என்று பார்த்தால், அவர் நிற்கவில்லை. சிஷ்யனை நிறுத்திவிட்டார். காமராஜ், 36 வயது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். மேடையில் அடுக்குமொழி வராது. இங்கிலீஷ் பேசத் தயங்குவார். ஆனால் எந்த ஜில்லாவில் எந்தக் கமிட்டியில் யாருக்கு யாரோடு மனஸ்தாபம் என்பது விரல் நுனியில்.

103-க்கு 100. காமராஜ் ஜெயித்தார்.

மூன்று ஓட்டு! இரண்டே இரண்டு பேர் அந்தப் பக்கம் போயிருந்தால் 101-க்கு 102 ஆகியிருக்கும். போசின் இருநூற்றுச் சொச்சம் வித்தியாசம் மூன்று மாதத்தில் கரைந்தது. காமராஜின் மூன்று ஓட்டு கரையவில்லை. நடுவில் சின்ன இடைவெளி தவிர 1954 வரைக்கும் அந்த நாற்காலி அவரிடம்தான்.

ஏன்? முதல் காரணம், ஜெயித்த அன்றே சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளராக உட்கார்ந்தார். குருநாதர், சிஷ்யனுக்குக் காரியதரிசி! இதைச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்? ஓட்டுப் போட்ட 103 பேருக்கும் அது ஒரு உத்தரவாதம்: இது ஒருநாள் கோபம் இல்லை, பின்னால் ஆள் இருக்கிறது. இரண்டாவது காரணம், காமராஜ் சண்டையை ராஜாஜியோடு நிறுத்திக்கொண்டார். காந்தி வரைக்கும் கொண்டுபோகவே இல்லை. அதே வருஷம் டிசம்பரில், தனிநபர் சத்தியாக்கிரகத்துக்கான ஆட்கள் பட்டியலை காந்தியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வார்தாவுக்கு ரயிலேறினார். வழியில் குண்டூரில் கைது. தமிழ்நாட்டுக்குள் கோஷ்டித் தலைவர். காந்தி முன்னால் தொண்டர். போசுக்கு இந்த இரண்டாவது வேஷம் ஒத்துவரவில்லை. அது அவருடைய பெருமை என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் பின்னால் வந்தவர்கள் அதற்குத் தயாராக இல்லையே.

இந்த உபாயம் சோதனைக்கு வந்ததும் மதுரைப் பக்கத்தில்தான். 1942-ல் கட்சியோடு முரண்பட்டு விலகிய ராஜாஜி, 1945-ல் திரும்பி வந்தார். அக்டோபரில் திருப்பரங்குன்றத்தில் கூடிய காங்கிரஸ்காரர்கள் அதைக் காரசாரமாக எதிர்த்தார்கள். 1946 பிப்ரவரியில் மதுரைக்கும் பழனிக்கும் வந்துபோன காந்தி, தமிழ்நாட்டில் ராஜாஜிக்கு எதிராக ஒரு 'கும்பல்' வேலை செய்கிறது என்று தன் பத்திரிகையில் எழுதினார். காமராஜுக்கு அது நெஞ்சில் தைத்தது. எதிர் அறிக்கைப் போர் நடத்தவில்லை. தேர்தல் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியிலிருந்து ராஜினாமா செய்தார். ஆனால் கட்சித் தலைவர் நாற்காலியை விடவில்லை. கேள்வியை 'காமராஜா, காந்தியா' என்று மாற விடாததுதான் அவர் செய்த காரியம். சில வாரம் கழித்துச் சட்டசபை காங்கிரஸ் கட்சி தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது, காந்தியின் விருப்பம் தெரிந்திருந்தும் ராஜாஜி வரவில்லை. காமராஜ் நிறுத்திய முத்துரங்க முதலியாரும் வரவில்லை. பிரகாசம் வந்தார். எல்லா ஓட்டிலும் ஜெயிக்கிறவர் யாருமில்லை.

கடைசியாக ஒரு எண்ணிக்கை. 1954. குலக்கல்வித் திட்டத்தால் எழுந்த எதிர்ப்பில் முதலமைச்சர் ராஜாஜி விலகுகிறார். சட்டசபை காங்கிரஸ் கட்சித் தலைவர் பதவிக்கு காமராஜ் நிற்கிறார். ராஜாஜியின் ஆள் சி.சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம்.

காமராஜ் 93. சுப்பிரமணியம் 41.

காமராஜ் எட்டுப் பேர் கொண்ட மந்திரிசபை அமைத்தார். அதில் தோற்ற சுப்பிரமணியமும் இருந்தார். முன்மொழிந்த பக்தவத்சலமும் இருந்தார். கல்வியும் நிதியும் சுப்பிரமணியத்தின் கையில்.